பிழையும் தீதும்: கிரேக்கத் துன்பியல் தலைவனின் வீழ்ச்சியும் சிலப்பதிகாரப் பாண்டியனும்

கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் தலைவன் எதனால் வீழ்கிறான் என்னும் வினாவுக்கு அரிஸ்டாட்டில் தம் கவிதையியலின் 13ஆம் இயலில் ஒரே சொல்லால் விடை கூறினார். அச்சொல் ஹமார்ட்டியா. மிக நல்லவன் வீழ்வது வெறுப்பையே தரும். தீயவன் வீழ்வது இரக்கத்தையோ அச்சத்தையோ எழுப்பாது. இவ்விருவருக்கும் இடைப்பட்டவனாய், பெரும்புகழும் நல்வாழ்வும் உடையவனாய், தீயொழுக்கத்தால் அன்றி ஒரு ஹமார்ட்டியாவால் வீழ்பவனே துன்பியலுக்கு உரிய தலைவன் என்பது அவர் கருத்து. எடுத்துக்காட்டாக அவர் பெயர் சுட்டுவோருள் முதல்வன் ஈடிப்பஸ்.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்பது வெறும் கலைச்சொல்லாக்கச் சிக்கல் அன்று. 'குற்றம்' என்றும் 'குணக்குறை' என்றும் 'தவறு' என்றும் 'பிழை' என்றும் பெயர்ப்பவர் உளர். இவற்றுள் எதைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்து, வீழ்ந்தவனைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்பும் மாறிவிடுகிறது. தமிழில் இதற்குரிய சோதனைக்களம் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனின் வீழ்ச்சியே. அக்காப்பியம் தன் அரசனின் செயலைக் குறிக்க ஆளும் சொற்கள், அரிஸ்டாட்டில் செய்த வேறுபாட்டைத் தமிழ் தானாகவே செய்துவைத்திருந்தது என்பதைக் காட்டுகின்றன. அவ்வேறுபாடு கடந்த நூற்றாண்டின் தமிழ்த் திறனாய்வில் ஏன் மங்கிப்போயிற்று என்பதும் உடன் ஆராயத்தக்கது.

சொல் வந்த வழி

ஐரோப்பியத் துன்பியல் கொள்கையும் அச்சிட்ட சிலப்பதிகாரமும் தமிழ் வாசகரை ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் அடைந்தன. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. மறு ஆண்டு உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். 1897இல் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் நாடகவியல் என்னும் இலக்கணத்தைச் செய்யுளில் யாத்தார். இவற்றுக்கு நடுவே, 1895இல், புட்ச்சரின் கவிதையியல் ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனில் வெளியாயிற்று. புட்ச்சர் ஹமார்ட்டியாவுக்கு இரு சொற்களைச் சேர்த்தே இட்டார்: ஒன்று 'தவறு' எனவும் மற்றொன்று 'மனித வலுவின்மை' எனவும் பொருள்படும். இரண்டாவது சொல் பின்னாளில் முதலாவதை விழுங்கிற்று. 1904இல் பிராட்லி ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்கள் குறித்து நிகழ்த்திய பேருரைகள் நூலாக வந்த பின்னர், தலைவனின் பண்பிலேயே அவன் அழிவின் வித்து உறைகிறது என்னும் கருத்து ஆங்கிலம் கற்பித்த வகுப்பறைகள் அனைத்திலும் வேரூன்றியது. மக்பெத்துக்குப் பேராசை, ஒதெல்லோவுக்கு ஐயம், லியருக்குச் செருக்கு என ஒவ்வொருவருக்கும் ஒரு நோய் கண்டு மருந்துச்சீட்டு எழுதுவது போன்ற விடைகளைத் தேர்வுத்தாள்கள் எதிர்பார்த்தன. சென்னையிலும் கொழும்பிலும் பயின்றோர் அவ்விடைகளையே எழுதினர்.

சுவாமி விபுலானந்தர் 1926இல் மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' ஆக்கி, அவருடைய நாடகங்களைத் தமிழ் நாடக மரபின் சொற்களாலேயே விளக்க முற்பட்டார். அம்முயற்சியின் துணிவு இன்றும் வியப்புக்குரியது. ஆயினும் தமிழுக்குத் துன்பியல் கிரேக்கத்திலிருந்து நேரே வரவில்லை. எலிசபெத்து காலத்து இங்கிலாந்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஈடிப்பஸையும் தமிழ் மாணவன் மக்பெத்தின் கண்ணாடி வழியாகவே கண்டான்.

இந்நிலை தமிழருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்க் குடியேற்றம் அண்மைக் காலத்ததாகிய நியூசிலாந்திலும் கிரேக்க நாடகக் கல்வி இதே போக்கில் சென்றதற்குச் சான்றுண்டு. ஆக்லாந்துப் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1947 முதல் செவ்வியல் துறைப் பேராசிரியராய் விளங்கி 1968இல் ஓய்வுபெற்ற ஈ. எம். பிளேக்லாக், 1952இல் யூரிப்பிடிஸின் ஆண் பாத்திரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மெய்ம்மைவாத ஆய்வு என்பது அதன் துணைத்தலைப்பு. அதற்கு முன்னரே, 1945இல், மனைவி மக்களைக் கொன்ற ஹெராக்கிளிஸின் வெறியை வலிப்புநோயின் அறிகுறிகளாக விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். ஹீரா தேவி ஏவிய வெறி என்று நாடகம் கூறுவதை மருத்துவக் குறிப்பாக மாற்றும் அவ்வாசிப்பு கூர்மையானது. ஆனால் அது வீழ்ச்சியின் காரணத்தைத் தலைவனின் உடலுக்குள்ளும் உள்ளத்துக்குள்ளும் அடைத்துவிடுகிறது. இன்று ஆக்லாந்தில் வளரும் தமிழ்ப் பிள்ளை உயர்நிலைப் பள்ளி ஆங்கில வகுப்பில் துன்பியல் தலைவனைச் சந்திக்குமாயின், பெரும்பாலும் 'ஃபேட்டல் ஃப்ளா' என்னும் தொடரோடுதான் சந்திக்கும். வீட்டில் கண்ணகி கதையைக் கேட்கும்போது பாண்டியனுக்கும் அதே அளவுகோலை வைத்து, அவனைக் கெட்ட அரசன் என்று முடித்துவிடும்.

1966இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஈ. ஆர். டாட்ஸ், மாணவர் விடைத்தாள்களில் தாம் கண்ட தவறான வாசிப்புகளைத் தொடக்கமாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். ஈடிப்பஸ் முன்கோபி, ஆணவக்காரன், ஆதலால் தக்க தண்டனை பெற்றான் என எழுதிய மாணவர்க்கு அவர் அளித்த மறுமொழி தெளிவானது. தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் நாடகம் தொடங்குவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னர், அவர்கள் யாரென அறியாமல் நிகழ்ந்தவை. மேடையில் அவன் காட்டும் கோபத்துக்கும் அச்செயல்களுக்கும் தொடர்பில்லை. அரிஸ்டாட்டில் குறிப்பது குணத்திலுள்ள கறையை அன்று, அறியாமையால் நேர்ந்த செயலை.

குறி தவறிய வேல்

ஹமார்ட்டியா என்னும் பெயர்ச்சொல்லின் வினை, ஹோமரின் போர்க்களத்தில் எறிந்த வேல் இலக்கைத் தவறுவதைக் குறிக்கும். ஒழுக்கப் பொருள் பிற்பாடு ஏறியது. ஆன்டிஃபோன் பெயரில் வழங்கும் பயிற்சி வழக்குரைகளுள் ஒன்று இவ்விரு பொருளும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. உடற்பயிற்சிக் களத்தில் ஓர் இளைஞன் எறிந்த வேலின் பாதையில் ஒரு சிறுவன் ஓடிவந்து இறக்கிறான். எறிந்தவன் தரப்பு வாதிடுகிறது: வேல் தன் வழியேதான் சென்றது, இலக்கைத் தவறவில்லை, தவறியவன் ஓடிவந்தவனே. ஹமார்ட்டியா யாருடையது என்பதே அங்கு வழக்கு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் ஏதென்ஸில் இது நாடகமேடைக்கும் நீதிமன்றத்துக்கும் பொதுவான வினாவாக இருந்தது. இரண்டிலும் அமர்ந்து கேட்டவர் அதே குடிமக்களே.

தமிழில் இதே வரலாறுடைய சொல் 'பிழைத்தல்'. படைச்செருக்கு அதிகாரத்தின் 772ஆம் குறளில், காட்டு முயலைக் கொன்ற அம்பினும் ஏந்துதற்கு இனியதாக வள்ளுவர் காட்டுவது யானையைக் குறிவைத்து எறிந்து தவறிய வேலை. அவ்வேலுக்கு அவர் இடும் அடை பிழைத்தல் என்னும் வினையடியாய்ப் பிறந்தது. இலக்குத் தவறுதல், நெறி தவறுதல், இறப்பிலிருந்து தப்புதல் ஆகிய மூன்றும் இச்சொல்லில் ஒருங்கே தங்குகின்றன. 'குற்றம்' என்னும் சொல்லுக்கு இவ்வேர் இல்லை. குற்றம் ஒருவனிடத்தில் உள்ள பொருள் போல இருப்பது. பிழை ஒருவன் கையிலிருந்து புறப்பட்டுச் செல்வது.

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் தீங்குகளை வகைப்படுத்துகையில் இன்னும் நுணுக்கமாகச் செல்கிறார். எதிர்பார்க்க இயலாதவாறு நேர்வது விபத்து. எதிர்பார்த்திருக்கக் கூடியது, ஆனால் தீய எண்ணமின்றிச் செய்பவனிடமிருந்தே தொடங்குவது ஹமார்ட்டேமா. தீய உள்ளத்தோடு செய்வது அநீதி. நடுவில் நிற்கும் வகையில் செய்தவனுக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் கொடுமை இல்லை. சிலப்பதிகாரத்தின் சொல்லாட்சியை இம்மூன்றின் அருகில் வைத்தால் ஊழ், பிழை, தீது என நிரல்பட அமைவதைக் காணலாம்.

பதிகம் காப்பியத்தின் நோக்கங்களாகக் கூறும் மூன்றனுள் முதலாவது, அரசியலில் நெறி தவறியோர்க்கு அறமே கூற்றாகும் என்பது. அங்கு இளங்கோ ஆளும் வினை பிழைத்தல். பதிகமும் உரைபெறு கட்டுரையும் பிற்காலச் சேர்க்கை எனக் கொள்ளும் அறிஞர் உளர். அவர்களுக்கும் தடையில்லாத சான்று காப்பியத்தின் உள்ளேயே உள்ளது. வழக்குரை காதையில், சிலம்பிலிருந்து தெறித்த மணியைக் கண்ட பாண்டியன் தன்னையே கள்வன் என்கிறான். தென்னாட்டுக் காவல் தன்னிடத்திலிருந்து தவறத் தொடங்கிற்று என்று கூறி உயிர்விடுகிறான். அவன் வாயில் வரும் வினையும் பிழைத்தலே. பின்னர் வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாகிய கண்ணகி பேசும்போதோ, பாண்டியன் தீது இல்லாதவன் என்றும் தான் அவனுக்கு மகள் என்றும் கூறுகிறாள். கணவனைக் கொன்றவனைத் தந்தை என ஏற்கும் அந்த இடம் வாசகரைத் திகைக்கவைப்பது. அத்திகைப்பு நீங்கச் சொற்களைக் கவனித்தால் போதும். அவனிடம் பிழை இருந்தது என்பதை அவள் மறுக்கவில்லை; தீது இருந்தது என்பதையே மறுக்கிறாள்.

விசாரணை இருந்த இடமும் இல்லாத இடமும்

பாண்டியனின் பிழை எந்த நொடியில் நிகழ்ந்தது? கொலைக்களக் காதை அதை நேரமும் இடமும் குறித்துக் காட்டுகிறது. ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் ஈடுபட்டதாக ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவு என்று சொல்லி அவையைவிட்டு அகல்கிறாள். அரசன் அமைச்சர் குழுவை நீங்கி, ஏவல் மகளிரோடு தேவியின் மாளிகை நோக்கிச் செல்கிறான். அவ்வாயிலில்தான் பொற்கொல்லன் அடிவீழ்ந்து, அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகிறான். அமைச்சர் உடனில்லை, அவை கூடவில்லை, காணாமற்போன சிலம்பு தேவியினுடையது, தேவியின் ஊடலைத் தணிக்கச் சென்றுகொண்டிருந்தவனுக்கு அது கிடைத்தால் நல்லது. அரசன் ஊர்காவலரை அழைக்கிறான்: சிலம்பு அவன் கையிலிருப்பின் அவனைக் கொன்று அதைக் கொணர்க என்கிறான். கொல்லுதற்குக் கொண்டுவருக எனச் சொல்ல எண்ணியவனின் நாவில், வினை முதிர்ந்த காலமாதலால், சொல் மாறி வந்தது என்றொரு விளக்கம் உரைமரபில் உண்டு. உரைகாரர் இலக்கணம் கடந்து நாடகம் எழுதும் அரிய இடங்களுள் இது ஒன்று. ஒரு வினையெச்சத்தின் ஈற்றில் ஓர் உயிர் தொங்குகிறது.

காப்பியம் இங்கு இன்னொரு தடுப்பையும் வைத்திருக்கிறது. அது போதிய கவனம் பெறுவதில்லை. காவலர் கோவலனை நேரில் கண்டதும் தயங்குகின்றனர். இவன் கொலைக்குரியவன் அல்லன் என ஒருவன் வெளிப்படையாகவே சொல்கிறான். பொற்கொல்லன் கள்வர் துணைக்கொள்ளும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டையும் விரித்து அவர்களின் ஐயத்தைக் கலைக்கிறான். மற்றொருவன் கள்வர் திறம் பற்றிய பழங்கதை ஒன்று சொல்கிறான். பேச்சு நீள்கையில் கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். மேலிருந்து வந்த ஆணைக்கும் கீழிருந்த ஐயத்துக்கும் இடையே ஒரு வாயாடியின் திறமை மட்டும் நின்றது. அரசின் பிழை எவ்வாறு பல கைகளைக் கடந்து கொலையாகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பகுதி கிரேக்க நாடகங்களிலும் எளிதில் கிடைப்பதில்லை. அங்குக் கொலைகள் பெரும்பாலும் மேடைக்கு வெளியே நிகழ்ந்து தூதன் வாயிலாகவே அறியப்படுகின்றன.

இதே அரசன் வழக்குரை காதையில் நடந்துகொள்ளும் முறை முற்றிலும் வேறு. கண்ணகியை உள்ளே அழைக்கச் செய்கிறான். நீ யார் எனக் கேட்கிறான். அவள் விடையை இறுதிவரை கேட்கிறான். கள்வனைக் கொல்வது அரசமுறை எனத் தன் நிலையைச் சொல்கிறான். அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றதும், தேவியின் சிலம்பின் பரல் முத்து என உண்மையை மறைக்காமல் கூறி, சிலம்பைக் கொணர்வித்து அவள்முன் வைக்கிறான். தன்னை வீழ்த்தக்கூடிய சான்றைத் தானே வரவழைக்கிறான். நல்ல நீதிபதி செய்ய வேண்டுவன யாவும் ஒன்று விடாமல் நடைபெறுகின்றன, கொலை முடிந்த பிறகு. செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறள் (541) முறை என்பதற்குத் தரும் இலக்கணம் யாரிடத்தும் கண்ணோட்டமின்றி ஆராய்ந்து செய்தல் என்பது. அதன் மையச்சொல் தேர்தல். பாண்டியனுக்குத் தேரத் தெரியும். தெரிந்தவன் ஒருமுறை தேராமல் விட்டதே அவன் பிழை. கண்ணகி அவனை விளிக்கும் சொல்லும் ஆராயாதவன் என்னும் பொருளதே. கொடியவன் என்று அவள் தொடங்கவில்லை.

ஈடிப்பஸின் கதை இதன் தலைகீழ் வடிவம். தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. பழைய அரசன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடிக்க வேண்டுமெனத் தெய்வவாக்கு வருகிறது. ஈடிப்பஸ் விசாரணையைத் தொடங்குகிறான். குருட்டு முனிவன் டைரீசியஸை, கொரிந்திலிருந்து வந்த தூதனை, இறுதியாகக் கிழ இடையனை விசாரிக்கிறான். நிறுத்திவிடுமாறு யொக்காஸ்தா மன்றாடியும் அவன் நிறுத்தவில்லை. அவனை அழித்தது அவனுடைய விடாத ஆராய்ச்சி. பாண்டியனை அழித்தது ஆராயாத ஒரு நொடி. எனினும் முடியும் இடம் ஒன்றுதான்: தீர்ப்பு வழங்க அமர்ந்தவனே குற்றவாளி. அறிதலும் நிலைமாற்றமும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறந்தது என்று அரிஸ்டாட்டில் ஈடிப்பஸை முன்னிறுத்திக் கூறுகிறார். சிலம்பு உடைந்து மணி தெறித்த கணத்தில் அரசன் உண்மையை அறிகிறான். அதே கணத்தில் குடை தாழ்கிறது, கோல் தளர்கிறது. அதற்குச் சற்று முன் கோப்பெருந்தேவி தான் கண்ட தீக்கனாவை அரசனிடம் கூறுவதும், ஈஸ்கிலஸின் பாரசீகர் நாடகத்தில் (கி.மு. 472) அரசமாதா அத்தோஸா தன் கனவைக் கூறுவதும் ஒருபுடை ஒப்புமை உடையன. கடன் வாங்கல் பற்றிய ஊகங்களுக்கு இவை இடந்தரா. வீழ்ச்சியை முன்னறிவிக்கும் பணியை இரு மரபுகளும் அரண்மனைப் பெண்ணின் உறக்கத்திடமே ஒப்படைத்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நன்று.

பாண்டியனின் இறப்புக்கு அரிஸ்டாட்டிலிடம் இடமில்லாத ஒரு பொருளையும் இக்காப்பியம் தருகிறது. செய்தி கேட்ட சேரன் செங்குட்டுவன், வினையால் வளைந்த கோலை அவ்வரசனின் நீங்கிய உயிரே நிமிர்த்திவிட்டது என்கிறான். பகை வேந்தன் வாயில் இப்பாராட்டை வைத்தமை இளங்கோவின் அரசியல் நுட்பம். கண்களைக் குத்திக்கொண்டு நாடு நீங்க விழையும் ஈடிப்பஸால் தீப்ஸின் ஆட்சி செம்மைப்பட்டது என அந்நாடகத்தில் எவரும் கூறுவதில்லை.

பர்மிங்ஹாமும் பேராதனையும்

தமிழாய்வு கிரேக்கத்தை நேருக்கு நேர் சந்தித்தது 1960களில்தான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1937 முதல் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் தாம்சன், 1941இல் வெளியிட்ட ஈஸ்கிலஸும் ஏதென்ஸும் என்னும் நூலில் துன்பியலைச் சடங்குகளிலிருந்தும் ஏதென்ஸின் சமூக மாற்றத்திலிருந்தும் விளக்கியவர். அவரிடம் இலங்கைத் தமிழர் இருவர் அடுத்தடுத்து முனைவர் பட்டம் பெற்றனர். க. கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலாயிற்று. கார்த்திகேசு சிவத்தம்பியின் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்னும் ஆய்வேடு 1970இல் முடிந்து 1981இல் நூலுருப்பெற்றது. வீழ்ச்சியைத் தனிமனிதப் பண்பிலிருந்து மீட்டுச் சமூக வரலாற்றில் வைக்கும் கருவி இவ்வாறு தமிழுக்குக் கிட்டியது. ஆக்லாந்தில் ஹெராக்கிளிஸின் நரம்புகள் ஆராயப்பட்ட அதே கால்நூற்றாண்டில், பர்மிங்ஹாமில் ஈஸ்கிலஸின் ஊர் ஆராயப்பட்டது.

ஆனால் இலங்கைத் தமிழ் மேடை தேர்ந்த துன்பியல் தலைவன் பாண்டியன் அல்லன், இராவணன். எதிரிவீர சரச்சந்திரவின் மனமே (1956) சிங்கள நாடகத்தில் ஏற்படுத்திய எழுச்சியை அடுத்து, பேராதனையில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் விடியவிடிய ஆடும் கூத்துகளைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொணர்ந்தார். அவ்வரிசையில் 1960களின் நடுப்பகுதியில் வந்த இராவணேசன், சி. மௌனகுருவின் எழுத்திலும் ஆட்டத்திலும் உருப்பெற்றது. பிற்காலத்தில் மௌனகுருவே அதை மட்டக்களப்பில் மீண்டும் மேடையேற்றினார். வடமோடிக் கூத்தின் மத்தளத்துக்கு ஆடி வரும் இராவணனைக் கண்டோர் அவனிடத்து இரக்கமும் வியப்பும் கொண்டனர். தமிழ் அரங்கின் பெரும் ஆக்கங்களுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் இராவணன் அறிந்தே அழிபவன். கும்பகருணன் சொன்னான், வீடணன் சொன்னான், மாலியவான் சொன்னான்; அவன் கேட்கவில்லை. அவனுக்கு உறவு தேடினால் அன்டிகனி நாடகத்துக் கிரியோனே அருகில் வருவான், ஈடிப்பஸ் வரமாட்டான். துன்பியல் என்றதும் இராவணனும் கர்ணனுமே தமிழ் மனத்தில் முன்வந்து நின்றமையால், அழிவுக்குக் காரணம் தலைவனின் செருக்கோ காமமோ நன்றிக்கடனோ ஆகிய ஒரு பண்பே என்னும் எண்ணம் மேலும் உறுதிப்பட்டது. அறியாது செய்த பிழைக்கு முழுப்பொறுப்பும் ஏற்று இறந்தவன், கண்ணகி கதையின் துணைப்பாத்திரமாய்ப் பின்தங்கினான்.

மழை

பாண்டியன் தேராமற் செய்த கொலை இக்காப்பியத்தில் தனித்த ஒன்றன்று. மதுராபதித் தெய்வம் கட்டுரை காதையில் கோவலனின் முற்பிறப்பைக் கூறுகிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயரோடு அரசனின் பணியாளாய் இருந்த அவன், சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே மதுரையில் விளைந்தது. ஒற்றன் என்ற ஒரு சொல்லால் ஒருவன் இறந்தான். கள்வன் என்ற ஒரு சொல்லால் மற்றொருவன் இறந்தான். அதே காதையில் வார்த்திகன் கதையும் வருகிறது. அவன் சிறுமகன் அணிந்திருந்த அணிகலன்களைக் கண்ட அரசப் பணியாளர், புதையல் கவர்ந்தவன் என்று தந்தையைச் சிறையிலிட்டனர். ஐயை கோயிற் கதவு திறவாது நின்றது. அரசன் காரணம் கேட்டறிந்து, வார்த்திகனை விடுவித்து வணங்கி, திருத்தங்காலையும் வயலூரையும் அளித்தான். அணிகலனைக் கண்டு ஐயுற்ற அதே பிழை. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவன் சிறையில் உயிரோடு இருந்தான், ஆகவே திருத்த முடிந்தது. இவ்விரு கதைகளையும் கோவலன் கொலைக்கு இருபுறமும் நிறுத்திய ஆசிரியர், எதை எண்ணிப்பார்க்க வேண்டுமென்பதை நன்கறிந்தே நிறுத்தியிருக்கிறார். ஒற்றன் என்றும் துரோகி என்றும் ஒருவரைச் சுட்டிய விரல் கீழிறங்குமுன் துப்பாக்கி வெடித்த ஆண்டுகளைக் கண்ட ஈழத்துத் தலைமுறைக்கு, சங்கமன் கதை பழம்பிறப்புக் கதையாக மட்டும் படுவதில்லை.

அரசன் இறந்த பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. வறுமையும் வெப்புநோயும் பரவின. தீப்ஸிலும் இப்படித்தான்: பயிர் கருகியது, கால்நடை மாய்ந்தது, மகளிர் கரு சிதைந்தது. தீப்ஸின் அரசன் கொள்ளைநோய்க்கு விடையாக ஒரு விசாரணையைத் தொடங்கினான். அது அவனையே கொண்டுவந்து நிறுத்தியது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் வேறு வழியைத் தேர்ந்தான். பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பத்தினிக் கடவுளுக்கு உயிர்ப்பலியாக்கினான். உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் இதனைக் கூறுகின்றன. இரண்டும் குறைகூறாமல் கடந்து செல்கின்றன. ஒரு பொற்கொல்லனின் பொய்க்கு ஆயிரம் பொற்கொல்லர் தலைகொடுத்தனர். அவ்வாயிரவருள் ஒருவனும் வாயிற்காவலனிடம் செய்தி சொல்லி உள்ளே அழைக்கப்பட்டதாகக் குறிப்பில்லை. எவர் சிலம்பும் உடைக்கப்படவில்லை.

அதன்பின் மழை பெய்தது என்கிறது உரைபெறு கட்டுரை. நீர்ப்படைக் காதைக்கு இரண்டு காதைகள் கழித்து, வாழ்த்துக் காதையில், பாண்டியனைத் தீது இல்லாதவன் எனக் கண்ணகி அறிவிக்கிறாள். அந்த ஆயிரவரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.